நீருக்குள் பார்க்க எத்தனை நாள் சம்பளம்?

தூண்டில் போடுகிறவருக்குப் பொலரைஸ்ட் கண்ணாடி அவசியம்தானா? எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை? ஊவாவின் ஓயாக்களையும் குளங்களையும் முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.

பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை வழியாக இறங்கி வரும் ஏ5 வீதியும், பெரகலையிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை தாண்டி வரும் ஏ16 வீதியும் ஒன்று சேருகிற ஊர் ஹாலிஎல. கொழும்பிலிருந்து வரும் ரயில் பதுளையை அடையுமுன் நிற்கிற கடைசி நிலையமும் இதுதான். வீதியும் தண்டவாளமும் மட்டுமா, தண்ணீரும் இந்தப் பக்கமாகத்தான் இறங்குகிறது. சுற்றியுள்ள தேயிலை மலைகளின் ஓடைகளை வாங்கிக்கொண்டு பதுளு ஓயா பதுளை நகரைக் கடக்கிறது. துன்ஹிந்தவில் 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. கடைசியில் மகாவலியோடு கலக்கிறது.

தண்ணீர் இருக்கிற இடத்தில் தூண்டில் இல்லாமல் போகுமா? தோட்டத்துப் பையன்கள் மூங்கில் கம்பில் தங்கூஸ் கட்டி, மண்புழு கோத்து, ஓடைக்கரையில் உட்காருவது பழைய வழக்கம். ரீல் பூட்டிய பைபர் தடியும் பிளாஸ்டிக் இரையும் வாங்கிக்கொண்டு மஹியங்கனைப் பக்கம் சொரபொர வாவிக்கும் மகாவலிக் கரைக்கும் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிற இளைஞர்கள் புதிய வரவு. இரு தரப்புக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. வெயில் ஏறியதும் தண்ணீரின் மேல் விரிகிற மினுக்கம். மீன் காலடியில் நின்றாலும் தெரியாது. கண் கூசி, மாலையில் தலை வலிக்கும்.

இந்த மினுக்கத்தை வெட்டுவதாகச் சொல்லி விற்கப்படுவதுதான் பொலரைஸ்ட் கண்ணாடி. நடைபாதையில் சில நூறு ரூபாவுக்கும் கிடைக்கிறது, வெளிநாட்டுப் பெயரோடு அறுபதாயிரத்துக்கும் கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்பது?

ஸ்டைலுக்கு அப்பால்

நம் ஊரில் கறுப்புக் கண்ணாடி போட்டவரை ஒரு கிண்டல் பேச்சு இல்லாமல் விட மாட்டார்கள். கறுப்புக் கண்ணாடியையும் தொப்பியையும் தன் அடையாளமாக்கிக்கொண்ட எம்.ஜி.ஆர். 1917இல் பிறந்தது இதே மலைநாட்டின் நாவலப்பிட்டியில்தான். அந்த நினைப்போ என்னவோ, “என்ன, படத்துல நடிக்கப் போறியா?” என்ற கேள்வி லயத்து வாசலிலேயே வந்துவிடும். அதனாலேயே வெயிலில் வேலை செய்கிற பலர் கண்ணாடியைப் பகட்டுப் பொருளாக எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள்.

தண்ணீர்க் கரையில் நிற்பவருக்கு அது கருவி. கல் எங்கே இருக்கிறது, பாசி எங்கே வழுக்கும், தங்கூஸ் எந்த வேரில் சிக்கும் என்று முன்கூட்டியே காட்டுகிற கருவி. கருவி வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்குவதில்லை. வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குகிறோம். கண்ணாடிக்கும் அதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும்.

மினுக்கம் எங்கிருந்து வருகிறது

ஒளி ஓர் அலை. சூரியனிலிருந்து நேரே வரும் ஒளியில் அந்த அலை எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. தட்டையான நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும்போது, தெறித்த ஒளியில் பெரும்பகுதி நீர்ப்பரப்புக்குக் கிடையாக அதிர்வதாக மாறிவிடுகிறது. 1808இல் எத்தியன் லூயி மாலுஸ் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், பாரிசின் லக்சம்பேர்க் மாளிகை ஜன்னல்களில் தெறித்த மாலை வெயிலை ஒரு படிகத்தின் ஊடாகப் பார்த்தபோது இதைக் கவனித்தார். 1815இல் ஸ்கொட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் அதற்குக் கணக்கு எழுதினார்.

பொலரைஸ்ட் லென்சுக்குள் இருப்பது ஒரு மெல்லிய படலம். வேலிக் கம்புகள் போல நிமிர்ந்த அதிர்வை உள்ளே விட்டு, கிடையான அதிர்வை மறித்துவிடுகிறது. மினுக்கத்தில் பெரும்பகுதி கிடையான அதிர்வு என்பதால் அது கழிந்துபோகிறது. நீருக்குள்ளிருந்து வரும் ஒளி கண்ணுக்கு எட்டுகிறது. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி மினுக்கத்தையும் மீனையும் ஒரே அளவில் இருட்டாக்கும். அதனால்தான் அதைப் போட்டுக்கொண்டு எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் மீன் தெரிவதில்லை.

புரூஸ்டரின் கணக்கில் தூண்டில்காரருக்கு நேரே உதவும் ஒரு சூத்திரம் இருக்கிறது. தண்ணீரைப் பொறுத்தவரை, செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 53 பாகைச் சரிவில் பார்க்கும்போது மினுக்கம் கிட்டத்தட்ட முழுமையாக வெட்டுப்படும். பாகை அளக்க வேண்டியதில்லை. நீர்மட்டத்திலிருந்து உங்கள் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். அவ்வளவு தூரத்தில் கண்ணாடி மிக நன்றாக வேலை செய்யும். ஓடைக்கரையில் கண் ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருந்தால் இரண்டு மீற்றர் தூரம். குளக்கட்டிலோ பாலத்திலோ ஆறு மீற்றர் உயரத்தில் நின்றால் எட்டு மீற்றர் தூரம். அதற்கு அப்பாலும் பயன் உண்டு, ஆனால் படிப்படியாகக் குறையும். “பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது, கரையிலிருந்து பார்த்தால் தெரியவில்லை” என்று கண்ணாடியைக் குறை சொல்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. உயரமான கல்லில் ஏறி நிற்பது, விலை கூடிய கண்ணாடி வாங்குவதைவிட அதிகம் உதவும்.

ஹக்கல வீதியில் ஒரு பழைய உறவு

இந்தப் படலத்தின் வரலாற்றில் நம் மலைகளுக்கு மிக நெருக்கமான ஒரு பொருள் வருகிறது. கொயினா மருந்து.

1852இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர வைத்தியர் வில்லியம் ஹெராபாத்தின் ஆய்வுகூடத்தில், கொயினா கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் அயடின் துளி விழுந்தது. பச்சை நிறப் படிகங்கள் தோன்றின. அவற்றை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்த ஹெராபாத், ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்த இடங்கள் மட்டும் இருண்டு போவதைக் கண்டார். ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் விடுகிற படிகம் அது. ஆனால் மிகச் சிறியது, எளிதில் நொறுங்கக்கூடியது. கண்ணாடி செய்ய உதவாது.

எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க இளைஞர் எட்வின் லாண்ட் அந்தச் சிக்கலை அவிழ்த்தார். பெரிய படிகம் வளர்க்க முயலாமல், கோடிக்கணக்கான நுண்படிகங்களை ஒரே திசையில் வரிசைப்படுத்திப் பிளாஸ்டிக் தகட்டுக்குள் அடைத்தார். 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1937இல் பொலரொய்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1938இல் கொயினாவையும் கைவிட்டு, இழுத்து நீட்டிய பிளாஸ்டிக் படலத்தில் அயடின் ஏற்றும் முறைக்கு மாறினார். இன்றைய லென்சுகளில் உள்ள படலம் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான்.

கொயினா தரும் சின்கோனா மரத்தை இலங்கையில் வளர்த்துப் பார்ப்பதற்காகவே 1861இல் ஹக்கல தோட்டம் தொடங்கப்பட்டது. 1869இல் கோப்பியைப் பீடித்த இலைநோய் அந்தப் பயிரை அழித்தபோது, மலைநாட்டுத் துரைமார் பலர் சின்கோனாவுக்கு மாறினார்கள். 1880களில் ஏற்றுமதி குவிந்து விலை சரிந்தது. பிறகுதான் தேயிலை முழுதாக ஆட்சிக்கு வந்தது. ஹாலிஎலயிலிருந்து வெலிமடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறவர்கள் அதே ஏ5 வீதியில் ஹக்கலயைக் கடந்துதான் போகிறார்கள்.

வாங்குகிறவருக்கு இந்தக் கதை சொல்லும் சேதி ஒன்று உண்டு. படலத்தின் அடிப்படைத் தொழில்நுட்பத்துக்கு எண்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. அது எந்தப் பெரிய நிறுவனத்தின் இரகசியமும் இல்லை. ஒழுங்காகச் செய்த மலிவுக் கண்ணாடியும் விலையுயர்ந்த கண்ணாடியும் மினுக்கத்தை வெட்டுவதில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

மீனுக்கு முன் கண்

பொலரைஸ்ட் என்றால் கண்ணுக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. மினுக்கத்தை வெட்டுவது படலம். புற ஊதாக் கதிரைத் தடுப்பது லென்சின் பொருளும் பூச்சும். புற ஊதாத் தடுப்பு இல்லாத கறுப்பு லென்ஸ் வெறும் கண்ணைவிட ஆபத்தாகலாம். இருட்டில் கண்மணி விரிந்துகொள்ளும். விரிந்த வாசல் வழியாகக் கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

வெயிலுக்கும் கண் புரைக்கும் உள்ள தொடர்பை நிறுவிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று மீனவர்களை வைத்தே செய்யப்பட்டது. அமெரிக்காவின் செசபீக் குடாவில் தொழில் செய்த 838 மீனவர்களை ஹியூ டெய்லர் தலைமையிலான குழு ஆராய்ந்து 1988இல் முடிவை வெளியிட்டது. வாழ்நாளில் கண் வாங்கிய புற ஊதா பி கதிரின் அளவு இரு மடங்கானால், ஒரு வகைப் புரை வரும் வாய்ப்பு 1.6 மடங்காகிறது என்பது அதன் கணக்கு. வெள்ளை விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளரும் நோயும் வெயிலில் வேலை செய்பவர்களிடம் அதிகம் காணப்படுகிறது.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு அருகே. மேகமில்லாத நண்பகலில் புற ஊதாச் சுட்டெண் இங்கே உச்சப் பிரிவைத் தொடுவது சாதாரணம். போதாக்குறைக்கு, ஆயிரம் மீற்றர் உயரம் ஏறினால் கதிர் ஏறத்தாழ பத்து வீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. பண்டாரவளையும் நுவரெலியாவும் குளிராக இருப்பதால் வெயில் குறைவு என்று நினைப்பது தவறு. குளிர் தோலுக்குத்தான், கண்ணுக்கு வெயில் கூடுதல்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி “பொலரைஸ்டா?” என்பதாக இருக்கக் கூடாது. “யூ.வி. 400 இருக்கிறதா?” என்று கேளுங்கள். 400 நானோமீற்றர் வரையிலான புற ஊதாக் கதிர் முழுவதையும் தடுக்கும் என்பது அதன் பொருள். பொலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸ் இயல்பிலேயே புற ஊதாக் கதிரில் மிகப் பெரும்பகுதியை நிறுத்திவிடும் என்பதால், மலிவுக் கண்ணாடியிலும் இந்தப் பாதுகாப்பு கிடைப்பது அரிதில்லை.

ஊவாத் தண்ணீருக்கு எந்த நிறம்

கடையில் கண்ணைப் பறிப்பது நீல மினுமினுப்புப் பூசிய லென்ஸ். ஆழ்கடலில் படகில் நின்று மீன் பிடிப்பவர்களுக்காக விளம்பரப்படுத்தப்படுவது அது. திருகோணமலையில் பயன்படலாம், பதுளு ஓயாவில் தேவையில்லை.

நம் ஓயாக்கள் ஆழம் குறைந்தவை. பாறையும் மணலும் பழுப்பு நிறம். குளங்களின் தண்ணீரில் பச்சைச் சாயல். கரையோரம் மரநிழலும் வெயிலும் மாறி மாறி விழும். இப்படியான இடத்துக்குச் செம்பு அல்லது பழுப்பு நிற லென்ஸ்தான் பொருத்தம். நீல ஒளியைக் குறைத்து, மீனின் முதுகுக்கும் அடிமணலுக்கும் உள்ள நிற வேறுபாட்டைத் தூக்கிக் காட்டும். சாம்பல் நிறம் உள்ள நிறத்தை உள்ளபடி காட்டும். ரந்தெனிகல போன்ற திறந்த பெரிய நீர்த்தேக்கங்களுக்கும் வாகனம் ஓட்டுவதற்கும் நல்லது. மஞ்சள் நிறம் விடியலுக்கும் அந்திக்கும் உதவும், நண்பகலில் போதாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பழுப்பை எடுங்கள்.

அடுத்தது இருட்டின் அளவு. சர்வதேசத் தரத்தில் 0 முதல் 4 வரை பிரிவுகள் உண்டு. பிரிவு 2 ஒளியில் 18 முதல் 43 வீதத்தை உள்ளே விடும். பிரிவு 3, 8 முதல் 18 வீதத்தை விடும். குளக்கட்டு வெயிலுக்குப் பிரிவு 3 சரி. மரநிழல் ஓடைகளிலேயே பொழுது போகிறவருக்குப் பிரிவு 2 வசதி. பிரிவு 4ஐப் போட்டுக்கொண்டு வாகனம் ஓட்டவே கூடாது.

காலமும் முக்கியம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும். தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும் பருவம் அது. மழை குறைந்து ஓயாக்கள் தெளிந்து, வெயில் கடுமையாக இருக்கும். பொலரைஸ்ட் கண்ணாடி தன் விலையைச் சம்பாதித்துக் கொடுப்பது அப்போதுதான். ஒக்டோபருக்குப் பின் மழை பிடித்து, தண்ணீர் செம்மண் கரைந்து ஓடும்போது எந்தக் கண்ணாடியும் உதவாது. அது மினுக்கத்தை நீக்கும், சேற்றை நீக்காது.

கண்ணாடி போட்டால் என்ன தெரியும்?

இலங்கையின் குளங்களில் இன்று பெருவாரியாகப் பிடிபடும் திலாப்பியா, வெளியிலிருந்து வந்த மீன். 1952இல் கொண்டுவந்து விடப்பட்டது. கடலே இல்லாத பதுளை மாவட்டத்தில் ஐஸ் போடாத மீன் சட்டிக்கு வருவது இந்தக் குளங்களின் புண்ணியத்தால்.

ஆண் திலாப்பியா ஆழம் குறைந்த கரையோர மணலில் வட்டமாகக் குழி தோண்டி, அதன்மேல் காவல் நிற்கும். வெறும் கண்ணுக்கு அங்கே வெள்ளி மினுக்கம் மட்டும். பொலரைஸ்ட் கண்ணாடியோடு பார்த்தால் வெளிறிய வட்டங்கள் வரிசையாகத் தெரியும். விராலுக்கு வேறு குணம். குஞ்சுகள் கூட்டமாக மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்க, தாயும் தகப்பனும் அடியில் நிற்கும். அந்தக் கூட்டத்தைக் கண்டால் விராலைக் கண்ட மாதிரிதான். ஆனால் குஞ்சைக் காக்கும் விராலைப் பிடித்தால் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகும். நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு விட்டுவிடத் தெரிகிற மனமும் வேண்டும்.

கடையில் நான்கு சோதனைகள்

“ஒரிஜினல் பொலரைஸ்ட், அண்ணே” என்று கடைக்காரத் தம்பி சொன்னால் கோபிக்க வேண்டாம், நம்பவும் வேண்டாம். யூ.வி. 400 ஒட்டுக்காகிதத்தையும் சி.இ. என்ற தர முத்திரையையும் யாரும் அச்சடிக்கலாம். கடையிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

1. கல்குலேட்டர் சோதனை. கடை மேசையில் இருக்கும் கல்குலேட்டரின் இலக்கங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி கண்ணாடியை மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதாவது ஒரு நிலையில் இலக்கத் திரை முழுதும் இருண்டால் படலம் இருக்கிறது. இரண்டு லென்சும் ஒரே நிலையில் இருள வேண்டும். ஒன்று முன்னும் மற்றது பின்னுமாக இருண்டால் படலம் கோணலாக வைக்கப்பட்டிருக்கிறது, வைத்துவிட்டு வாருங்கள். போன் திரையிலும் இதைச் செய்யலாம், ஆனால் சில போன்களின் திரை இருளாமல் நிறம் மட்டும் மாறும். பொலரைஸ்ட் லென்ஸ் வழியாக மட்டும் தெரிகிற மீன் படம் ஒளிந்திருக்கும் அட்டையைக் கடைக்காரர் காட்டினால் பார்த்துக்கொள்ளுங்கள், கல்குலேட்டரையும் விடாதீர்கள்.

2. கண்ணாடிப் பெட்டிச் சோதனை. கடையின் கண்ணாடிப் பெட்டியின் மேல் தட்டில் தெறிக்கும் வெளிச்சத்தைச் சரிவாகப் பாருங்கள். கண்ணாடியை நேராகப் பிடித்தால் அந்த வெளிச்சம் மங்க வேண்டும். நிமிர்த்தித் திருப்பினால் திரும்பி வர வேண்டும். மாறி நடந்தால் படலம் தவறான திசையில் இருக்கிறது.

3. நோட்டு விளக்குச் சோதனை. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு பல கடைகளில் இருக்கும். ரூபா நோட்டில் ஒளிரும் அடையாளத்தின்மேல் அந்த விளக்கை லென்ஸ் வழியாக அடியுங்கள். ஒளிர்வு நின்றுபோனால் லென்ஸ் புற ஊதாக் கதிரை மறிக்கிறது. இது தோராயமான சோதனைதான். மூக்குக்கண்ணாடிக் கடைகள் பலவற்றில் இதற்கென்றே மீற்றர் உண்டு. அளந்து காட்டச் சொல்லலாம்.

4. கோட்டுச் சோதனை. கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, கதவு நிலையின் நேர்கோட்டை அதன் வழியாகப் பார்த்தபடி மேலும் கீழும் நகர்த்துங்கள். கோடு நெளிந்தால் லென்ஸ் சீராக வார்க்கப்படவில்லை. நாள் முழுதும் போட்டால் தலைவலி நிச்சயம்.

லென்சும் சட்டமும்

மலிவுக் கண்ணாடிகளில் பெரும்பாலும் டி.ஏ.சி. எனப்படும் பல அடுக்குப் பிளாஸ்டிக் லென்ஸ் இருக்கும். இலேசானது, பார்வைக்குத் தெளிவானது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அடுக்குகள் பிரிந்து ஓரத்தில் குமிழ் விடும். பொலிகார்பனேட் அடி தாங்கும். ஈயக்குண்டு திரும்பித் தெறித்தாலும் கண்ணைக் காக்கும். கீறல் மட்டும் எளிதில் விழும். அசல் கண்ணாடி லென்ஸ் மிகத் தெளிவு, கீறல் எளிதில் விழாது. கனம் கூட, கல்லில் விழுந்தால் கதை முடிந்தது. வழுக்குப் பாறைகளில் ஏறி இறங்குகிற நமக்கு, கீறல் தாங்கும் பூச்சுள்ள பொலிகார்பனேட்டே ஏற்றது.

சட்டத்தில் பார்க்க வேண்டியது அழகைவிட அணைப்பு. பக்கவாட்டிலும் மேலிருந்தும் ஒளி உள்ளே நுழைந்தால், லென்சின் உட்பக்கத்தில் உங்கள் கண்ணே தெரியும்; தண்ணீர் தெரியாது. முகத்தோடு வளைந்து பொருந்துகிற, காதுத்தண்டு அகலமான சட்டம் நல்லது. குனிந்து தலையை உதறிப் பாருங்கள், நழுவக் கூடாது. எந்தக் கண்ணாடியானாலும் விளிம்புள்ள தொப்பியோடு சேர்ந்தால்தான் முழுப் பயன்.

விலைக் கணக்கு

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அதையே அளவுகோலாக வைப்போம்.

மீன்பிடிக் கண்ணாடிக்கு உலகப் பெயர் பெற்றவை 1983இல் புளோரிடாவில் தொடங்கிய கொஸ்டா, 1980இல் ஹவாயில் தொடங்கிய மௌயி ஜிம் போன்றவை. அவற்றின் நல்ல மொடல்கள் 200 டொலரைத் தாண்டும். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 60,000 ரூபா. 44 நாள் சம்பளம். அந்தக் காசுக்குத் தெளிவான லென்ஸ், உறுதியான கீல், உப்புக் காற்றைத் தாங்கும் திருகாணி, உத்தரவாதம் எல்லாம் கிடைக்கும். நாள்தோறும் கடலுக்குப் போகிறவருக்கு அது நியாயமான செலவாக இருக்கலாம். மாதத்தில் ஓரிரு ஞாயிறு ஓயாக்கரைக்குப் போகிறவருக்கு இல்லை. பாறையிடுக்கில் ஒருமுறை நழுவினால் 44 நாள் உழைப்பு தண்ணீரோடு போகும்.

மறுபக்கம், சில நூறு ரூபா நடைபாதைக் கண்ணாடியில் படலமே இல்லாமல் இருக்கலாம், புற ஊதாத் தடுப்பும் இல்லாமல் இருக்கலாம். பெரிய பெயர் பொறித்து மிகக் குறைந்த விலைக்கு வருவது போலி என்பதில் சந்தேகமே வேண்டாம். போலிப் பெயருக்குக் கொடுக்கிற காசு லென்சுக்குப் போவதில்லை.

நடுவழி மூன்று, நான்கு நாள் சம்பளம். ஐயாயிரம் ரூபாவைச் சுற்றி, மேலே சொன்ன நான்கு சோதனைகளிலும் தேறிய, பெயர் தெரியாத கண்ணாடி ஒன்று நம் தேவைக்குப் போதும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்கி, பெட்டியைப் பிரித்த அன்றே சோதித்துவிடுங்கள்.

பார்வைக்கு ஏற்கெனவே கண்ணாடி போடுகிறவர்களுக்கு இரண்டு மலிவு வழிகள் உண்டு: போட்டிருக்கிற கண்ணாடியின்மேல் கவ்விக்கொள்ளும் பொலரைஸ்ட் கவ்வி, அல்லது அதன்மேலேயே போடுகிற பெரிய சட்டம். பவர் வைத்த பொலரைஸ்ட் லென்ஸ் செய்துகொள்வதும் முடியும், விலை கூடும். நாற்பது தாண்டியவர்கள் தூண்டில் முள்ளில் முடிச்சுப் போட வாசிப்புக் கண்ணாடி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது.

எச்சரிக்கை, பராமரிப்பு

மினுக்கம் நீங்கி அடிமண் தெரிந்ததும் ஆழத்தைத் தப்பாக எடைபோடும் ஆபத்து உண்டு. தண்ணீர் ஒளியை வளைப்பதால், நேர் மேலிருந்து பார்க்கும்போதே நான்கு அடி ஆழம் மூன்று அடியாகத் தெரியும். சரிவாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். இடுப்பளவு என்று இறங்கினால் மார்பளவு இருக்கும். கண்ணாடி இதைத் திருத்தாது. கம்பு ஊன்றி ஆழம் பார்த்த பிறகே கால் வையுங்கள்.

வீதியிலும் இந்தக் கண்ணாடிக்குப் பயன் உண்டு. மழைக்குப் பின் ஏ16 வளைவுகளில் நனைந்த தாரின் கூச்சத்தை அது வெட்டும். ஓட்டோ, பஸ் ஓட்டுபவர்களுக்கு உதவும். ஆனால் மூடுபனியிலும் அந்திக்குப் பிறகும் கழற்றிவிட வேண்டும். வாகனத்தின் சில திரைகள் கண்ணாடி வழியாக இருண்டு தெரியலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூசியும் மணலும் ஒட்டிய லென்சைச் சாரத்தாலோ சேலைத் தலைப்பாலோ துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றுங்கள். வாகனத்தின் முன்கண்ணாடிக்கு அடியில் வெயிலில் போட்டு வைத்தால் படலம் பிரிந்துவிடும். கழுத்தில் மாட்டும் கயிறு ஒன்றுக்குச் செலவழியுங்கள். ஓயாவில் விழுந்து போகிற கண்ணாடியைக் காக்க அதைவிட மலிவான வழி இல்லை.

முடிவாக

வரிசை இதுதான்: முதலில் யூ.வி. 400, இரண்டாவது படலம், மூன்றாவது முகத்துக்குப் பொருந்தும் சட்டம், நான்காவது பழுப்பு நிறம். ஐந்தாவது இடத்தில்கூடப் பெயருக்கு வேலை இல்லை. ஐயாயிரம் ரூபாவுக்குள் இந்த நான்கும் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த கடைக்கு நடங்கள். கண்ணில் சதை வளர்வதாகவோ பார்வை புகைமூட்டமாக இருப்பதாகவோ தோன்றினால், கண்ணாடிக் கடைக்குப் போகும் முன் பதுளை போதனா வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அங்கே பரிசோதனைக்குக் காசு இல்லை.